கையெழுத்து வாங்கும் முன் டிராலியைப் பாருங்கள்: டெல்டா அரிசி ஆலை, குடோன் உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

அரிசி ஆலை, குடோன் உரிமையாளர்கள் அனைவருக்கும்,

குறுவை நெல் அரவை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்களில் சிலர் கூடிப் பேசி ஒரு படிவம் தயார் செய்திருக்கிறீர்கள். அரைப்பக்கம்தான். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட ஒரு கட்டம். "டிராலி, தள்ளுவண்டி, செயின் பிளாக் போன்றவற்றைக் கையாளும்போது எனக்கு ஏற்படும் எந்தக் காயமும் என் கவனக்குறைவால் ஏற்பட்டதே, அதற்காக நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்க மாட்டேன்" என்று அதில் இருக்கிறது. (செயின் பிளாக் என்பது சங்கிலியால் பாரம் தூக்கும் கப்பி.) லோடுமேன்கள் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் மறுநாள் வேலைக் குழுவான செட்டில் சேர முடியாது. ஆள் கூட்டிவரும் மேஸ்திரிகள் கைக்கு ஜெராக்ஸ் கட்டுக் கட்டாக வந்துவிட்டது. தமிழ் படிக்கத் தெரியாத பீகார், ஒடிசா பையன்களிடமும் பெருவிரல் ரேகை வாங்கியிருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. டிராலிக் கைப்பிடியை ஒரு நாளும் பிடித்தவராக இருக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

நான் லோடுமேன் இல்லை. மன்னார்குடி ரோட்டில் பட்டறை வைத்திருப்பவன். ஆயில் என்ஜினும் பவர் டில்லரும் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஆலைகளுக்கு ஹைட்ராலிக் டிராலி, அதாவது அடுக்கிய சுமையை ஆயில் அழுத்தத்தால் இரும்புக் கரத்தில் தூக்கிக் கையால் இழுக்கும் வண்டி, வந்த பிறகு பாதி வேலை அதுதான் என்றாகிவிட்டது. சக்கரம் மாற்றுவது, ஆயில் சீல் போடுவது, வளைந்த கரத்தை நிமிர்த்துவது எல்லாம் என் கையால் நடந்திருக்கிறது. உங்களில் பலருக்கு என் போன் நம்பர் தெரியும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு சிலர் கூப்பிட மாட்டீர்கள். சரி, அது என் பாடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராலி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் அப்பா காலத்து ஆட்கள் தலையில் சும்மாடு வைத்து மூட்டை சுமந்தார்கள். ஐம்பது வயதுக்குள் கழுத்தும் முழங்காலும் போய்த் திண்ணையில் உட்கார்ந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. ஒரு சரக்கு ரயிலில் 2,000 டன் நெல் போகிறது என்றால் அதில் 50,000 மூட்டை. களத்தில் ஏற்றி, குடோனில் இறக்கி, அட்டியாக அடுக்கி, அட்டியைப் பிரித்து, ஆலையில் இறக்கி, அரிசியாக்கிச் சிப்பம் கட்டி, மறுபடி ஏற்றுவது வரை ஒவ்வொரு கிலோவும் எத்தனை முதுகு தாண்டி வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சுமையில் ஒரு பங்கைச் சக்கரம் வாங்கிக்கொண்டால் நல்லதுதான். நல்ல டிராலியாக, நல்ல தரையில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் டிராலியின் பக்கவாட்டில் 2,500 கிலோ என்று எழுதியிருக்கும். அது இரும்பு தாங்கும் எடை. அதை இழுக்கிற ஆள் தாங்கும் எடை எதிலும் எழுதவில்லை. இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. நிறுத்த ஒரே வழி, கைப்பிடியில் இருக்கும் லீவரை அழுத்திச் சுமையைத் தரையில் உட்கார வைப்பதுதான். லீவரிலிருந்து ஒரு மெல்லிய சங்கிலி கைப்பிடிக் குழாய்க்குள் இறங்கி, அடியில் இருக்கும் வால்வைத் திறக்கிறது. வால்வு திறந்தால் ஆயில் திரும்பி, கரம் இறங்கி, பேலட் என்கிற சுமை அடுக்கும் பலகைத்தட்டு தரையில் உட்கார்ந்துவிடும். அந்தச் சங்கிலி கொஞ்சம் தொய்ந்தால் லீவரை முழுக்க அழுத்தினாலும் வால்வு அசையாது. தொய்வை எடுக்க ஒரு ஸ்குரூவும் ஒரு நட்டும் இருக்கின்றன. ஸ்பானர் இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

என் மச்சான் இழுத்த டிராலியில் அந்த நட்டு இல்லை. சங்கிலியைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

இது நடந்தது போன ஆடியில், இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த முதலாளிக்குத் தெரியும். 26 கிலோ சிப்பம் 40 அடுக்கிய பேலட்டைக் குடோனிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலில் 15 அடி நீளத்துக்கு 1 அடி இறங்குகிற சிமெண்ட் சரிவு. அரிசி மட்டும் 1,040 கிலோ, வண்டியும் பேலட்டும் சேர்த்தால் 1,100 கிலோவுக்கு மேல். கணக்குப் பாருங்கள்: 15-க்கு 1 என்ற சரிவில் 1,100 கிலோ இறங்கும்போது 70 கிலோவுக்குக் குறையாத விசை ஆளை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். தரையில் தவிடு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சிமெண்டில் படிந்தால் பாசி மாதிரி வழுக்கும். காலில் ரப்பர் செருப்பு.

சரிவின் பாதியில் வண்டி வேகம் பிடித்தது. மச்சான் லீவரை அழுத்தினார். சுமை உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார். அதற்குள் கால் வழுக்கியது. பின்னாலேயே வந்த சக்கரமும் அதற்கு மேலே இருக்கும் இரும்புச் சட்டமும் வலது குதிகாலில் ஏறின. குதிகாலுக்கு மேலே தடிமனாக ஓடும் தசைநார் அறுந்து, எலும்பும் உடைந்தது. இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். நுனிக்காலில் எக்கி நிற்க முடியாது. எக்க முடியாதவர் அட்டியில் மேல் வரிசைக்குச் சிப்பம் போட முடியாது. அந்தத் தொழில் அவருக்கு முடிந்துவிட்டது.

பிறகு அந்த வண்டி என் பட்டறைக்கே வந்தது, ஆயில் ஒழுகுகிறது என்று. அப்போதுதான் கட்டுக்கம்பியைப் பார்த்தேன். பின் சக்கரம் ஒன்றில் சாக்குப் பிரி சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது, கத்தி வைத்துத்தான் அறுக்க முடிந்தது. பிளாஸ்டிக் சாக்கு தைக்கிற எல்லா ஆலைகளிலும் இந்தப் பிரி தரையில் கிடக்கும். 80 மில்லிமீட்டர் சக்கரத்தின் அச்சில் சிக்கினால் சக்கரம் உருளாமல் இழுபடும். ஒரு பக்கம் உருண்டு மறு பக்கம் இழுபட்டால் வண்டி கோணிக்கொண்டு போகும். அந்தக் கோணலை இழுக்கிறவன் இடுப்பால் சமாளிக்கிறான். உள்ளே 6204 பேரிங் உடைந்து துருப்பிடித்துக் கிடந்தது. இத்தனையும் ஒரே நாளில் வந்த பழுது இல்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் யாருடைய கவனக்குறைவு?

"அவன் முன்னால் நின்று இழுத்திருக்கக் கூடாது, மேலே நின்று மெதுவாக விட்டிருக்க வேண்டும்" என்று ஒரு முதலாளி என்னிடமே சொன்னார். உண்மைதான். சரிவில் ஆள் எப்போதும் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும். சுமைக்குக் கீழே நிற்கவே கூடாது. சொல்லப்போனால், சரிவில் இந்த வண்டியைக் கையால் ஓட்டவே கூடாது. ஆனால் ஐயா, இதை அந்த ஆலையில் யாருக்கு யார் எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்? டிராலியை வாங்கி இறக்கிய அன்று டிரைவர் இரண்டு தடவை பம்ப் அடித்துக் காட்டினார். அதோடு பயிற்சி முடிந்தது. லீவரில் மூன்று நிலை உண்டு: தூக்க, நடுவில் நிறுத்த, இறக்க. நடு நிலையில் வைத்து இழுத்தால் கைப்பிடி லேசாக இருக்கும் என்பதுகூடத் தெரியாமல் வருடக்கணக்காக இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவசரப்படுகிறார்கள் என்பீர்கள். ஆமாம், அவசரப்படுகிறார்கள். சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியது யார்? வண்டி சரியில்லை என்று ஓரம் கட்டினால் அந்த நேரத்துக்கு யாருக்கும் கூலி இல்லை. லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், மேஸ்திரி கத்துகிறார், செட்டில் மற்றவர்கள் முறைக்கிறார்கள். கெட்டுப்போன டிராலியை இழுத்தே ஆக வேண்டும் என்று அங்கே யாரும் உத்தரவு போட வேண்டியதே இல்லை, கூலி முறையே அதைச் செய்துவிடுகிறது.

குடித்துவிட்டு வருகிறார்கள் என்பதும் உங்கள் பேச்சில் வருகிறது. சிலர் வருகிறார்கள், இல்லை என்று நான் மழுப்ப மாட்டேன். குடித்து வந்தவனை வாசலில் பார்த்தும் ஒரு டன் சுமையை அவன் கையில் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கிறேன். என் மச்சான் அன்று குடித்தது டீ.

ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆயில் சீல் போய், தூக்கிய கரம் தானாக இறங்கி, அடியில் கட்டை வைக்கப் போனவரின் கால் பெருவிரலை நசுக்கியதைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடிக்கும் தூணுக்கும் நடுவில் விரல் மாட்டி, அதை நகத்தோடு பறிகொடுத்த பையன் ஒருவன் சீர்காழிப் பக்கம் இருக்கிறான். பேலட் உயரமாக அடுக்கியதால் எதிரே கூட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்க்காமல் சுவரோடு சேர்த்து அழுத்தியது ஒன்று. செயின் பிளாக் கொக்கியில் நாக்கு உடைந்து, மோட்டார் நழுவி விழுந்தது ஒன்று. அதில் நல்லவேளையாக யாரும் அடியில் இல்லை. மூட்டை இழுக்கும் கைக்கொக்கி வழுக்கிப் பக்கத்து ஆளின் உள்ளங்கையில் இறங்குவதெல்லாம் கணக்கிலேயே வராது, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை வேலை பார்ப்பார்கள்.

இவற்றில் எத்தனை உங்கள் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன? எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. எப்படி இல்லாமல் போகிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டியில் நானும் இருந்தேன்.

வழி நெடுக சூப்பர்வைசர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்: "பைக்கிலிருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க அண்ணே. ரோடு ஆக்சிடென்ட்னா 48 மணி நேரம் இலவசமா பார்ப்பாங்க. மில்லுல அடிபட்டுச்சுன்னா கேஸ், போலீஸ்னு இழுக்கும்." 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தைத்தான் அவர் சொன்னார். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்காக அரசு கொண்டுவந்த நல்ல திட்டம் அது. அதை ஆலையின் பொறுப்பை மறைக்கும் திரையாக ஆக்கிவிட்டீர்கள். வலியில் துடிக்கிறவன் என்ன செய்வான்? சொன்னதைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள். ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்லும் அந்தத் தாளில் 'இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் காயம்' என்று விழுந்துவிட்டால், பிறகு எந்த அதிகாரி முன்னால் நின்றாலும் அந்த ஒரு வரிதான் பேசும். ஒரு மனிதனுக்கு நியாயமாக வர வேண்டிய பணம் அந்த இடத்திலேயே, ரத்தம் காய்வதற்கு முன்பே, பறிபோகிறது. நான் அங்கேயே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன், அவர் திருத்தி எழுதினார். சூப்பர்வைசர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மேஸ்திரி 10,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்து ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிப்போனார். முதலாளி ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. கேட்டால், "அவர் எங்க ஆள் இல்லை, மேஸ்திரி ஆள்" என்று பதில்.

சட்டம் எனக்குத் தெரியாது. தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் உங்கள் படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொல்லியிருக்கிறதாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தத் தந்திரத்தைப் பார்த்துவிட்டார்கள். மேஸ்திரி ஆள் என்ற பதிலுக்கும் அதிலேயே 12-ஆவது பிரிவு இருக்கிறது: ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளுக்கு அடிபட்டாலும் முதலில் கொடுக்க வேண்டியவர் தொழில் நடத்தும் முதலாளி, வேண்டுமானால் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 3-ஆவது பிரிவில் முதலாளி தப்பிக்கச் சில வழிகள் உண்டு. போதையில் இருந்திருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புக்கென்று தெளிவாகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருக்க வேண்டும். ஆள் செத்துப்போனாலோ முழுமையாக முடங்கிப்போனாலோ அந்த வழிகளும் அடைபட்டுவிடும். கவனக்குறைவு என்று ஒரு வழியே அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் படிவம் முழுக்க நிற்பது அந்த ஒரு வார்த்தையின் மேல்.

அதே சட்டத்தின் அட்டவணையில் காயத்துக்குக் காயம் சதவீதம் போட்டிருக்கிறார்கள். கால் பெருவிரல் அடியோடு போனால் 14 சதவீதம். மாதச் சம்பளக் கணக்கு வரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய். 35 வயது ஆளுக்கு அந்தச் சட்டத்தின் கணக்குமுறைப்படி பார்த்தால் 2,48,000 ரூபாய் சொச்சம் வருகிறது. கால் பெருவிரல் நசுங்கியது என்று மேலே ஒருவரைச் சொன்னேனே, பிறகு ஆஸ்பத்திரியில் அந்த விரலையே எடுத்துவிட்டார்கள், அவருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். கிடைத்தது 5,000 ரூபாயும் தீபாவளிக்கு ஒரு வேட்டியும்.

இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது என்கிறீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன, 1923 சட்டமும் 1948 தொழிற்சாலைகள் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. மின்சாரம் வைத்து ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, 20 பேர் என்று ஆகியிருக்கிறது. "எங்கள் ஆலையில் 15 பேர்தான், இனிமேல் இன்ஸ்பெக்டர் தொல்லை இல்லை" என்று ஒருவர் என் பட்டறையில் உட்கார்ந்தே சந்தோஷப்பட்டார். வேலையில் அடிபட்டால் முதலாளி பொறுப்பு என்கிற அடிப்படை எங்கும் போகவில்லை ஐயா. என் மச்சானுக்கு அடிபட்டதோ ஆடியில், பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது.

இன்னொன்றையும் வக்கீல் காட்டினார், அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் தூக்கும் இயந்திரங்களை வருடத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 29-ஆவது பிரிவு உண்டு. கிரேன், வின்ச், கப்பி எல்லாம் பெயர் சொல்லி அதில் வருகின்றன. கையால் இழுக்கும் டிராலியின் பெயர் வரவில்லை. அதனால் செயின் பிளாக்குக்காவது எங்கோ ஒரு சான்றிதழ் இருக்கும். ஒரு டன்னைச் சுமந்துகொண்டு தினமும் ஓடுகிற டிராலியை யாரும் சோதிக்க வேண்டியதில்லை என்றே பழகிவிட்டது. சட்டம் கேட்காத இடத்தில்தான் முதலாளியின் மனசு கேட்க வேண்டும்.

செலவு பற்றிச் சொல்வீர்கள். 25 கிலோ வரை லேபிள் ஒட்டிய பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று 2022 ஜூலை 18-இல் வந்தவுடன், சில வாரங்களுக்குள் சிப்பத்தை 26 கிலோ ஆக்கினீர்கள். புதுப் பை அச்சடித்தீர்கள், தராசு மாற்றி வைத்தீர்கள், எல்லாம் மளமளவென்று நடந்தது. 40 சிப்பம் ஏற்றும் பேலட்டில் அன்றைக்கு 40 கிலோ கூடியது. அதை இழுக்கிற ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு சுறுசுறுப்பு உள்ளவர்களுக்கு ஒரு நட்டு போட முடியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

நான் கேட்பவை இவை.

அந்தப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். இதுவரை வாங்கிய தாள்களைக் கையெழுத்துப் போட்டவர்களிடமே திருப்பிக் கொடுங்கள், ரேகை வைத்த வடநாட்டுப் பிள்ளைகளிடமும். செல்லாத தாள்தானே என்று அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். செல்லாது என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அடிபட்டவன் வாயை அடைக்க அது போதும்.

வாசல் சரிவில் ஆள் டிராலி இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சரிவை எடுத்துவிட்டு லாரி மட்டத்துக்கு மேடை கட்டலாம், அல்லது அந்த 15 அடிக்கு பெல்ட் கன்வேயர் வைக்கலாம்; பல ஆலைகளில் கன்வேயர் ஏற்கெனவே மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அது முடியும் வரை சரிவுக்கு மேலேயே பேலட்டைப் பிரித்துச் சிப்பமாகக் கொண்டுபோங்கள். நேரம் ஆகும். ஆகட்டும், அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். சமதரையிலும் அரை டன்னுக்கு மேல் ஒரு ஆளிடம் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் என்றால் இரண்டு பேர். தவிட்டைக் கூட்டித் தரையைக் காய வையுங்கள், பெயர்ந்த சிமெண்டைப் பூசுங்கள். 80 மில்லிமீட்டர் சக்கரம் சின்னப் பள்ளத்திலும் சிக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு டிராலிக்கும் நம்பர் போட்டு, மாதம் ஒரு முறை சங்கிலி, வால்வு, சீல், சக்கரம், பேரிங், கைப்பிடி ஸ்பிரிங் பார்த்து எழுதி வையுங்கள். செயின் பிளாக் கொக்கியையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். வேலை பிடிக்க எழுதுகிறான் என்பீர்கள். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. முக்கியமாக, பழுதான வண்டியை "இது ஓடாது" என்று ஓரம் கட்டும் உரிமை இழுக்கிறவனுக்கு இருக்க வேண்டும். கட்டியதற்காக அவன் கூலி குறையக் கூடாது. புது ஆள் வந்தால் காலி டிராலியில் லீவரைக் காட்டி, இறக்கி நிறுத்தப் பழக்கிய பிறகே சுமை கொடுங்கள். இந்திக்காரப் பையன்களுக்கு இந்தியில் சொல்ல உங்கள் ஆலையிலேயே ஆள் இருக்கிறான்.

காலுக்கு ஷூ. ஐ.எஸ். 15298 முத்திரையுள்ளது, முனையில் இரும்புக் கவசமும் குதிகாலை மூடி மேலே ஏறும் பின்பக்கமும் உள்ளதாக. அந்தக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கும் என்று சோதித்துத்தான் முத்திரை போடுகிறார்கள். லோடுமேன்கள் போட மாட்டார்கள், வெயிலுக்குக் கசகசக்கும் என்பீர்கள். சரியான அளவில் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

மேஸ்திரி மூலம் வருகிறவர்களையும் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. வேலையில் அடிபட்டு வீட்டில் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். என் மச்சான் பெயர் அதில் இருந்திருந்தால் என் அக்காள் மகளின் கல்லூரிப் பணத்துக்கு வீட்டில் நகை போயிருக்காது, நானும் இந்த அளவுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சூப்பர்வைசரிடம், எங்கே எப்படி அடிபட்டதோ அப்படியே சொல்லச் சொல்லுங்கள். ஆலையில் ஒரு விபத்துப் பதிவேடு வைத்து, அடிபட்டவரும் பக்கத்தில் இருந்தவரும் படித்துக் கையெழுத்துப் போடச் செய்யுங்கள். கையெழுத்து வாங்க ஆசைப்பட்டால் அதில் வாங்குங்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டு விஷயம். மச்சானுக்குச் சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டைக் கேட்டு அந்த ஆலைக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. கொடுத்த 10,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளட்டும். சம்பா அறுவடை தொடங்கி ஆலைகளில் மறுபடி நெரிசல் வருவதற்குள், பொங்கலுக்குள், பதில் வர வேண்டும். படிவத்தைத் திரும்பப் பெற்றதாக மேஸ்திரிகள் மூலம் தெரிவிப்பதற்கும் அதே கெடுதான்.

இந்தக் கடிதத்தின் நகல், உங்கள் படிவத்தின் ஜெராக்ஸ், அந்த டிராலிச் சங்கிலியைக் கட்டுக்கம்பியோடு நான் எடுத்த போட்டோ மூன்றும் தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் பதிவுத் தபாலில் போகின்றன. கம்பியைக் கழற்றிப் பட்டறையில் எடுத்து வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் டிராலிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்
மன்னார்குடி ரோடு